உழைச்செல்வோர் உள்ளம்
டொராண்டோ நகரம் 2003இல் கண்ட கொள்ளைநோயை முன்வைத்து

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதியோர் முதலில் மாண்டோரை எண்ணினர். அடுத்து அரசு செய்ததையும் செய்யத் தவறியதையும் எழுதினர். அதன்பின் வணிகம் குலைந்த கணக்கை எழுதினர். நோயாளியின் படுக்கையருகே இரவும் பகலும் நின்றவரைப் பற்றி அவர்கள் எழுதிய வரிகள் மிகச் சிலவே. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்சு நகரைத் தாக்கிய பெருநோயில் தாமும் வீழ்ந்து பிழைத்த துசிடிடீஸ், நோயாளிகளிடம் மிகுதியாகச் சென்றவர் மருத்துவரே ஆதலால் மிகுதியாக மடிந்தவரும் அவரே என்று குறித்துச் சென்றார். மடிந்தனர் என்ற செய்தி நமக்குக் கிடைத்தது. மறுநாளும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்போது அவர்தம் நெஞ்சு எவ்வாறிருந்தது என்பது கிடைக்கவில்லை.

நம் வள்ளுவர் இவரை மறக்கவில்லை. 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக அவர் வகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனை அளிப்பவன். இந்த நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான். உழை என்பது பக்கம். பக்கத்தே செல்பவன் என்பது பொருள். உரைகண்ட பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இயல்புகளை விரித்தார். தீர்ப்பவனுக்குரிய நான்கனுள் ஒன்று, நோயைக் கண்டு அஞ்சாதிருத்தல். உடனிருப்பவனுக்குரியவை நோயாளியிடத்து அன்பு, மனமும் மொழியும் மெய்யும் தூயவாதல், சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு என்பன.

இப்பட்டியலின் கடைசி இரண்டும் எக்காலத்தும் ஒத்துப்போகும் என்று உரையாசிரியர் கருதியிருக்கலாம். சொல்லப்பட்டது ஒன்றாகவும், உடனிருப்பவர் தம் அறிவால் கண்டது வேறொன்றாகவும் இருந்தால் என்ன நேரும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அண்மைக்கால வரலாற்றில் கனடா நாட்டின் டொராண்டோ நகரை நோக்கலாம். 2003ஆம் ஆண்டு அந்நகரின் மருத்துவமனைகளில் பணியாற்றியவர்கள் அடைந்த உள்ளத்துயர் விரிவாக விசாரிக்கப்பட்டது, அளந்தும் பார்க்கப்பட்டது. அச்சம் அவர்களைத் தளர்த்தியது உண்மை. எனினும் அச்சத்தினும் ஆழமாக அவர்களைப் புண்படுத்தியது, கண்டதைச் சொல்லியும் கேட்பார் இல்லாமற் போனமையே. இதுவே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்து.

நோய் வந்த வழி

சார்ஸ் என்று பின்னர்ப் பெயர்பெற்ற கடும் நுரையீரல் நோய் 2002 நவம்பரில் சீனத்தின் குவாங்டாங் மாநிலத்தில் தலைகாட்டியது. அந்நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த பேராசிரியர் ஒருவர் 2003 பிப்ரவரி 21ஆம் நாள் ஹாங்காங் வந்து, மெட்ரோபோல் விடுதியின் ஒன்பதாம் தளத்தில் தங்கினார். அவரும் அப்போது நோயுற்றிருந்தார். அத்தளத்தில் தங்கியவர் வழியாக நோய் ஹனோய்க்கும் சிங்கப்பூருக்கும் டொராண்டோவுக்கும் பறந்தது. உலகெங்கும் பரவிய இந்நோயின் தொடக்கக் கண்ணியிலேயே ஒரு மருத்துவர் நிற்கிறார் என்பது எண்ணத்தக்கது.

டொராண்டோவுக்குத் திரும்பிய மூதாட்டி ஒருவர் மார்ச் 5ஆம் நாள் தம் இல்லத்தில் இறந்தார். அவர்தம் மகன் மார்ச் 7ஆம் நாள் மூச்சுத்திணறலோடு ஸ்கார்பரோவிலுள்ள ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்தார். ஸ்கார்பரோ என்றதும் நம்மவர் பலர் நிமிர்வர். ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதி அது. படுக்கை கிடைக்கும்வரை அவர் அவசரப் பிரிவின் பொதுக்கூடத்திலேயே ஓர் இரவைக் கழித்தார். அடுத்த படுக்கைகளில் இருந்தோர்க்கு நோய் தாவியது. அவர்களைத் தொட்டுப் பணிசெய்த ஊழியர்க்கும் தாவியது. மார்ச் 13ஆம் நாள் அவர் இறந்தார். உலக நலவாழ்வு நிறுவனம் உலகை எச்சரித்தது அதற்கு முந்தைய நாள்தான். நோய்க்குப் பெயர்கூட மார்ச் 15ஆம் நாளே கிடைத்தது.

அதே மார்ச் 7ஆம் நாள் கனடாவின் மேற்குக்கரை நகரான வான்கூவரிலும், ஹாங்காங்கின் அதே விடுதியில் தங்கித் திரும்பிய ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே சில நிமிடங்களுக்குள் அவர் தனியறைக்கு மாற்றப்பட்டார். ஊழியர் முகக்கவசம் அணிந்தனர். அந்நகரில் நோய் பரவவில்லை. வான்கூவருக்கு நற்பேறும் துணைநின்றது. ஆனால் அங்கே முன்னெச்சரிக்கை என்பது பழக்கமாகவே இருந்தது என்று பின்னாளில் விசாரணை ஆணையம் எழுதிற்று.

கூண்டுக்குள் பணி

மார்ச் 26ஆம் நாள் ஒன்டாரியோ மாகாணம் நெருக்கடி நிலையை அறிவித்தது. பார்வையாளர்க்கு மருத்துவமனைக் கதவுகள் மூடப்பட்டன. தள்ளிவைக்கக்கூடிய அறுவைகள் நிறுத்தப்பட்டன. நோயுற்ற மருத்துவமனை ஊழியர்களையே வைத்துப் பார்க்க இடமின்றி, வெஸ்ட் பார்க் என்னும் மருத்துவ நிலையத்தில் பயன்பாடின்றிக் கிடந்த பழைய காசநோய்க் கூடம் அவசரமாகத் திறக்கப்பட்டது. அங்கே சேர்க்கப்பட்ட 14 பேரும் ஸ்கார்பரோ மருத்துவமனையின் பணியாளர்கள். நேற்றுவரை உணவறையில் உடன் அமர்ந்து உண்டவரை இன்று கவசத்துக்குப் பின்னிருந்து பார்க்க நேர்ந்தது. அவர்களைப் பேண முன்வந்த செவிலியருள் ஒருவர் டெக்லா லின். தாமே விரும்பி அப்பணியை ஏற்ற அவர் அந்நோயால் ஜூலை மாதம் இறந்தார்.

இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நகரில் தனித்திருக்கப் பணிக்கப்பட்டனர். மருத்துவமனை ஊழியர்க்கு மட்டும் ஒரு புதுவகைத் தனிமை வகுக்கப்பட்டது. 'பணித் தனிமை' என்று அதற்குப் பெயர். நோயாளியோடு நெருங்கிய ஊழியர் பணிக்கு வரவேண்டும். ஆனால் பேருந்திலோ தொடர்வண்டியிலோ ஏறலாகாது. பணி முடிந்ததும் நேரே வீடு செல்லவேண்டும். வீட்டிலும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். தனியறையில் உறங்க வேண்டும். நாள்தோறும் இருமுறை உடல்வெப்பம் அளந்து குறிக்க வேண்டும். ஊர் நடுவே, தம் இல்லத்துக்குள்ளேயே, மனைவிக்கும் கணவனுக்கும் மக்களுக்கும் அயலாராய் அவர்கள் வாழ்ந்தனர். குழந்தை கைநீட்டி வரும்போது ஓர் அடி பின்வாங்கும் தாயின் நிலையை எந்த விதிமுறைத் தாளும் எழுதுவதில்லை.

அக்காலத்தில் ஒன்டாரியோவின் செவிலியர் பலர் பகுதிநேர ஊழியராக இரண்டு மூன்று மருத்துவமனைகளில் பணிசெய்தே குடும்பத்தை நடத்தினர். நோய் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லாதிருக்க, ஒரே மருத்துவமனையில் மட்டும் பணிசெய்யுமாறு அவர்கள் கட்டுப்படுத்தப்பட்டனர். கட்டுப்பாடு நியாயமானது, ஆயினும் அச்சத்தோடு வருவாய்க் கவலையும் அவர்கள் தோளில் ஏறியது.

என்-95 என்னும் நெருங்கிப் பொருந்தும் முகக்கவசத்தை ஒவ்வொருவர் முகத்துக்கும் பொருத்திச் சோதித்துத் தரவேண்டும் என்ற விதி ஒன்டாரியோவில் 1993 முதலே இருந்தது. பல மருத்துவமனைகளில் அவ்விதி ஏட்டளவிலேயே நின்றிருந்தது. 2003 ஏப்ரலில் டொராண்டோவின் மற்றொரு மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு மூச்சுக்குழாய் செலுத்தியபோது, கவசமணிந்து நின்ற ஊழியர் பலருக்கும் நோய் தொற்றியது. செய்தி நகரெங்கும் பரவிற்று. கவசம் காக்கும் என்று சொல்லப்பட்டிருந்த நம்பிக்கையும் அன்று ஆட்டம் கண்டது.

ஊரார் விலக்கு

நோயைத் தொட்டுத் தொழில்செய்வோரை ஊர் எப்போதும் இரண்டு மனத்தோடே பார்த்து வந்துள்ளது. ஒரு மனம் கைகுவிக்கும். மறுமனம் கதவைச் சாத்தும். 2003இல் நோய் புகுந்த நகரங்களில் இவ்விரண்டும் ஒரே தெருவில் நிகழ்ந்தன. நாளேடுகள் செவிலியரைப் போற்றின. அண்டை வீட்டார் அவர்களைக் கண்டு வழிவிலகினர். நோயாளிகள் கொண்டுவரப்பட்ட சிங்கப்பூரின் டான் டாக் செங் மருத்துவமனைச் செவிலியரை ஏற்ற வாடகைக்கார் ஓட்டுநர் சிலர் மறுத்தனர். சீருடையோடு மின்தூக்கியில் நுழைந்தால் மற்றவர் வெளியேறினர். டொராண்டோவிலும், பணியாளர்தம் தொழிலை அக்கம்பக்கத்தில் சொல்லத் தயங்கும் நிலை வந்தது.

இவ்விலக்கு தரும் துயர் தனித்தன்மையது. நோயாளியிடத்து ஏற்படும் அச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு. பணிநேரம் முடிந்தால் அது தணியும். ஊராரின் அச்சம் வீட்டு வாயில்வரை உடன்வருவது. தன்னால் தன் மக்கள் விலக்கப்படுகின்றனர் என்ற எண்ணம் குற்றவுணர்வாக மாறும். செய்யாத குற்றத்துக்கு உள்ளம் தன்னைத்தானே தண்டிக்கத் தொடங்கும்.

இரண்டாம் அலையும் கேளாச் செவியும்

ஏப்ரல் இறுதியில் நோய் தணிந்தது போலத் தோன்றியது. டொராண்டோவுக்குப் பயணம் செய்யற்க என்று ஏப்ரல் 23ஆம் நாள் விடுத்த அறிவிப்பை ஒரு வாரத்துக்குள் உலக நலவாழ்வு நிறுவனம் விலக்கிக்கொண்டது. மே 14ஆம் நாள் நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்தும் நகரின் பெயர் நீக்கப்பட்டது. மே 17ஆம் நாள் நெருக்கடி நிலை முடிவுற்றது. மருத்துவமனைகளில் முகக்கவசக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. நகரம் பெருமூச்சு விட்டது.

நார்த் யார்க் மருத்துவமனையின் செவிலியர் சிலர் மட்டும் அப்பெருமூச்சில் கலந்துகொள்ளவில்லை. எலும்பு முறிவுக்காகச் சேர்ந்த முதியோர் சிலருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டிருந்தன. ஒரே குடும்பத்தார் அடுத்தடுத்து நுரையீரல் அழற்சியோடு வந்தனர். இந்த நோய்க்குறிகளை இரண்டு மாதங்களாக நாளும் பார்த்துப் பழகிய கண்கள் அவை. 'இது மீண்டும் அதுவே போலும்' என்று அவர்கள் மேலிடத்தில் கூறினர். 'அன்று, நோய் போய்விட்டது' என்பதே கிடைத்த விடை. முதல் அலையின் நோயாளிகளோடு தொடர்பு இருந்தால்தான் இந்நோய் என்று கொள்ளவேண்டும் என்பது அன்றைய இலக்கணம். தொடர்பு கண்டறியப்படாத நோயாளி அவ்விலக்கணத்துக்குள் அடங்கவில்லை. நோய் அவர் உடலில் அடங்கியிருந்தது.

மே 23ஆம் நாள் இரண்டாம் அலை அறிவிக்கப்பட்டது. கவசத்தைக் கழற்றிய நாள்களில் நோய் மருத்துவமனைக்குள் நடமாடியிருந்தது. எலும்பு மருத்துவக் கூடத்தின் செவிலியர் நெலியா லரோசா ஜூன் 29ஆம் நாள் இறந்தார். முதல் அலையிலேயே தொற்றுக்கு ஆளான குடும்ப மருத்துவர் நெஸ்டர் யாங்கா ஆகஸ்டில் இறந்தார். ஒன்டாரியோவில் நோய் கண்டதாகக் கணக்கிடப்பட்ட 375 பேரில் 169 பேர், அதாவது 45 விழுக்காட்டினர், மருத்துவப் பணியாளர். இறந்தோர் 44 பேர். அவருள் இரண்டு செவிலியரும் ஒரு மருத்துவரும் அடங்குவர்.

நியாயம் கருதி ஒன்றைச் சொல்லவேண்டும். மேலிடத்தார் கொடியவர் அல்லர். நோய் புதிது. அதன் கிருமி இன்னதென உறுதிசெய்யப்பட்டதே ஏப்ரல் நடுவில்தான். சோதனைகளை நம்பவும் இயலவில்லை. மக்களை அச்சுறுத்தலாகாது என்ற நல்லெண்ணமும் இருந்தது. வேண்டுமென்றே யாரும் நோயை மறைத்ததற்குச் சான்றில்லை என்று பின்வந்த ஆணையமும் கண்டது. ஆயினும், தீமை செய்யாதவரிடமும் செவிடு இருக்கக்கூடும். மருத்துவமனையின் படிநிலையில் சொல் மேலிருந்து கீழே எளிதில் இறங்கும். கீழிருந்து மேலே அரிதாகவே ஏறும். பரிமேலழகர் எண்ணிய நான்கு இயல்புகளுள் சொன்னபடி செய்தலை அன்றைய அமைப்பு செவிலியரிடம் வற்புறுத்திக் கேட்டது; அறிவு என்ற நான்காவதைக் கேட்க மறந்தது.

அளந்து கண்ட துயர்

நோய் ஓய்ந்தபின் உள்ளங்கள் ஓய்ந்தனவா? இதனை ஆராய முற்பட்டவர்களுள் முதன்மையானவர் டொராண்டோவின் மனநல மருத்துவர் ராபர்ட் மாண்டர். அவரும் உடன் ஆய்வாளரும் நோய் அடங்கி 13 முதல் 26 மாதங்கள் கழித்து 769 மருத்துவப் பணியாளர்களிடம் ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டனர். ஒருபுறம் இந்நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த டொராண்டோவின் ஒன்பது மருத்துவமனைகள். மறுபுறம் இந்நோயைக் காணாத அண்டைநகர் ஹாமில்டனின் நான்கு மருத்துவமனைகள். பணியால் உள்ளம் வற்றிப்போன நிலை டொராண்டோவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடமும் ஹாமில்டனில் 19 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. மிகுந்த மனவேதனை அங்கே 45, இங்கே 30 விழுக்காடு. கொடுநிகழ்வின் நினைவு மீளமீள வந்து வாட்டும் நிலை அங்கே 14, இங்கே 8 விழுக்காடு.

இவ்வெண்கள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. முதலாவது, நோய் வராத நகரிலும் ஐவருள் ஒருவர் ஏற்கெனவே வற்றிப் போயிருந்தனர். கொள்ளைநோய் இத்துயரைப் புதிதாகப் படைக்கவில்லை. இருந்த விரிசலை அகலப்படுத்தியது. இரண்டாவது, நோய் போய் ஓராண்டும் ஈராண்டும் கடந்தபின்னும் வேறுபாடு மறையவில்லை. நகரம் விழாக் கொண்டாடி மறந்த பின்னும் செவிலியர் மறக்கவில்லை. சிலர் பணிநேரத்தைக் குறைத்துக்கொண்டனர். சிலர் நோயாளியை நேரே காணும் பணியிலிருந்து விலகினர். மக்கள் இதனைக் காணவில்லை. காலியான பணியிடமாக மட்டுமே இது ஏட்டில் பதிந்தது.

அதே ஆய்வாளர் குழுவினர் மற்றோர் உண்மையையும் கண்டனர். மருத்துவ இலக்கணப்படி மனநோய் என்று சொல்லத்தக்க நிலையைப் புதிதாக அடைந்தவர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. ஆகவே பெரும்பாலோர் அடைந்தது நோயன்று, துயர். நோய்க்கு மருந்து தரலாம். துயர்க்கு அதன் காரணத்தையன்றோ நீக்கவேண்டும்? காரணம் எது என்பதற்கும் அவ்வாய்வில் குறிப்பு உண்டு. தமக்குப் போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்தவரிடம் பாதிப்பு குறைந்திருந்தது. நீண்டகாலப் பட்டறிவும் ஒரு கவசமாக நின்றது. பழியைத் தம்மேல் சுமத்திக்கொண்டவரிடமும், நினைவை ஒதுக்கித் தள்ள முயன்றவரிடமும் பாதிப்பு கூடியிருந்தது. அன்பும் துணிவும் அளவொத்த இருவருள் ஒருவர் தேறியதற்கும் மற்றவர் தளர்ந்ததற்கும், பின்னே யாரேனும் நின்றார்களா என்பதே பெரிதும் காரணம் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

ஆணையமும் நீதிமன்றமும்

நீதியரசர் ஆர்ச்சி கேம்பெல் தலைமையில் ஒன்டாரியோ அரசு அமைத்த விசாரணை ஆணையம் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கண்டு உரையாடியது. அதன் இறுதி அறிக்கை 2007 சனவரியில் வெளிவந்தது. 'அச்சத்தின் இளவேனில்' என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பு அதற்கு. அரசு அறிக்கைக்கு இத்தகைய தலைப்பு அமைவது அரிது. பல்லாண்டு நீதிமன்றத்தில் அமர்ந்து பழகிய அவர், செவிலியர் சொல்லைச் சான்றாக மதித்துக் கேட்டார். அவர்தம் எச்சரிக்கைகள் மதிக்கப்படாமற் போனமையைப் பக்கம் பக்கமாகப் பதிவுசெய்தார்.

அவ்வறிக்கையின் உயிர்நிலை ஒரே கருத்து: இடரைக் குறைக்கத்தக்க நியாயமான செயலை, அறிவியல் முழு உறுதி தரும்வரை தள்ளிப்போடலாகாது. குருதி வழங்கலில் நேர்ந்த பெருங்கேட்டை விசாரித்த நீதியரசர் ஹொரேஸ் கிரீவர் 1997இல் வலியுறுத்திய நெறியையே கேம்பெல் மருத்துவப் பணியாளர்க்கும் நீட்டித்தார். காற்றில் பரவுமா என்று அறிஞர் வாதிடுக. வாது முடியும்வரை ஊழியர் முகத்தில் நல்ல கவசம் இருக்கட்டும் என்பது இதன் எளிய பொருள். அறிக்கை வெளிவந்த சில மாதங்களில், 2007 ஏப்ரலில், கேம்பெல் மறைந்தார்.

நோயுற்ற 53 செவிலியரும் அவர்தம் குடும்பத்தாரும் மாகாண அரசின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்திருந்தனர். 2009இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கு நிற்காது என்று தீர்ப்பளித்தது. நோய்த்தடுப்பில் அரசின் கடமை பொதுமக்கள் அனைவரையும் நோக்கியது. குறிப்பிட்ட ஒரு பிரிவினர்க்கெனத் தனிக்கடமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் நோக்கில் இதற்கு அடிப்படை உண்டு. ஆனால் தீக்குள் அனுப்பப்பட்டவரும், தொலைவில் நின்று தீயைப் பார்த்தவரும் ஒரே கணக்கில் எண்ணப்பட்டனர். கேட்கப்படவில்லை என்ற பழைய புண்ணோடு இதுவும் சேர்ந்தது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின்

2003இன் துயரத்துக்குப்பின் ஒன்டாரியோ பெருந்தொகையான முகக்கவசங்களை வாங்கிச் சேமித்தது. காலம் ஓடியது. 2017இல் மாகாணத் தலைமைக் கணக்காயர் அறிக்கையளித்தபோது, சேமித்த பொருள்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவை காலாவதியாகியிருந்தன. நினைவும் அவற்றோடு காலாவதியாயிற்று போலும். 2020இல் கோவிட் வந்தது. என்-95 கவசம் வேண்டுமா, சாதாரணக் கவசம் போதுமா என்று பழைய வாது மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு ஜூலை வரை கனடாவில் தொற்றுக்கு ஆளானோரில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் மருத்துவப் பணியாளர். கேம்பெல் ஆணையத்தில் மூத்த ஆலோசகராக இருந்த மரியோ பொசமாய், கற்ற பாடம் கைவிடப்பட்டதை அதே அக்டோபரில் அறிக்கையாக எழுதினார்.

கனடாவில் மட்டும் நிகழ்ந்ததன்று இது. 2020 சனவரி முதல் 2021 மே வரை உலகில் ஏறத்தாழ 1,15,000 மருத்துவப் பணியாளர் கோவிடால் இறந்திருக்கலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. நியூயார்க் நகரில் அவசரப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தம் உயிரைத் தாமே நீத்தார். மனநல உதவியை நாடினால் தொழில் உரிமத்துக்கு இடர் வருமோ என்ற அச்சம் அந்நாட்டு மருத்துவரிடம் நிலவியது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. பணியாளரின் உள்ளநலம் காக்க 2022 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

நம் சென்னையையும் இங்கே மறைத்தல் தகாது. 2020 ஏப்ரலில் கோவிடால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்மீது ஒரு கூட்டம் கல்லெறிந்தது. ஊர்தியின் கண்ணாடிகளை உடைத்தது. இறந்தவரின் நண்பரான மற்றொரு மருத்துவர் நள்ளிரவில் தாமே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். அத்தகைய இறுதிச்சடங்கைத் தடுப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி ஒரு வாரத்துக்குள் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. சட்டம் கல்லைத் தடுக்கும். அன்றிரவு செய்தி கேட்டுவிட்டு மறுநாட் காலை பணிக்குப் புறப்பட்ட ஆயிரமாயிரம் செவிலியர் உள்ளத்தில் விழுந்த கல்லை எச்சட்டம் எடுக்கும்?

நிறைவாக

இம்மலரைக் கையிலேந்துவோருள் பாதிப்பேர் கவிஞர்கள். 2020இல் நம்முள் பலரும் எழுதினோம். கைதட்டிய மாலையைப் பாடினோம். வெண்ணிறத் தெய்வங்கள் என்றோம். போர்முனை வீரர் என்றோம். நன்றியால் எழுதினோம், அதில் பொய்யில்லை. ஆயினும் டொராண்டோவின் வரலாற்றைப் படித்தபின் அப்பாடல்களை நான் சற்றுத் தயக்கத்தோடே திரும்பப் பார்க்கிறேன். தெய்வத்துக்குக் கவசம் வேண்டியதில்லை, உறக்கம் வேண்டியதில்லை, ஊதியமும் வேண்டியதில்லை. வீரன் அஞ்சுவதில்லை, ஆதலால் அச்சத்தைச் சொல்லவும் அவனுக்கு வாய் இல்லை. நாம் சூட்டிய மாலையின் கனத்தால், 'எனக்கு அச்சமாயிருக்கிறது', 'இக்கவசம் பொருந்தவில்லை', 'இந்த நோயாளியைச் சற்றே மீண்டும் பாருங்கள்' என்று சொல்லவந்த ஒருவர் சொல்லாமலே திரும்பியிருக்கக்கூடும்.

வள்ளுவர் அவரைத் தெய்வம் என்னவில்லை, வீரர் என்னவும் இல்லை. பக்கத்தே செல்பவர் என்றார். அச்சொல்லில் மனிதர் இருக்கிறார், அவர் நடக்கிறார், ஆதலால் களைப்பார். மருத்துவத்தின் நான்கில் ஒரு கூறு அவர் என்றும் எண்ணிக் காட்டினார். அவர் தளர்ந்தால் மீதமுள்ள மூன்றும் நிற்கா.

பத்தாண்டுகளாக நம் வட்டம் திங்கள்தோறும் கூடிப் பிறர் கவிதையைக் கேட்டு வந்துள்ளது. இடைமறிக்காது கேட்பதே நம் கூட்டங்களின் முதல் விதி. அவ்விதி 2003 மே மாதத்தில் டொராண்டோவின் அந்த எலும்பு மருத்துவக் கூடத்தில் இருந்திருந்தால் சில உயிர்கள் எஞ்சியிருக்கலாம். நம் உறுப்பினருள் செவிலியரும் மருத்துவரும் உள்ளனர். நம் வீடுகளிலும் உள்ளனர். அவரைப் பற்றி இன்னொரு கவிதை எழுதுமுன், அந்நாள்களில் அவர் கண்டது என்ன என்று ஒருமுறை கேட்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை இருப்போம்.